ஸ்காபரோவில் ஒரு மார்ச் மாதம்

ஸ்காபரோ எங்கட வீடுகளுக்குப் புதிய பெயர் இல்லை. பெரியம்மா இருக்கிற இடம், மாமா கடை வைத்திருக்கிற இடம், கிறிஸ்மஸ் நேரம் பார்சல் வருகிற இடம். ஆனால் 2003 மார்ச்சில் அங்கேயுள்ள ஒரு வைத்தியசாலையில் என்ன நடந்தது என்று கேட்டால், எங்கள் வயதுக்காரருக்குத் தெரியாது. அப்ப நாங்கள் தவழ்ந்துகொண்டிருந்தோம், சிலர் பிறக்கவே இல்லை. கொவிட் காலத்தில் வைத்தியர்களின் மனசுக்கு என்ன நடந்தது என்று வாசிக்கத் தொடங்கித்தான் இந்தக் கதைக்கு வந்து சேர்ந்தோம். கொவிட்டுக்கு 17 வருசத்துக்கு முதலே கிட்டத்தட்ட எல்லாமே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் எங்களை உறுத்தியது.

கதை ஒரு ஹொட்டலில் தொடங்குகிறது. 2003 பெப்ரவரி 21, சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் புதுவகை நிமோனியா நோயாளிகளைப் பராமரித்த ஒரு பேராசிரியர் ஹொங்கொங் வந்து மெட்ரோபோல் ஹொட்டலில் தங்கினார். அவரே அப்போது நோயாளி. அவரிடமிருந்து தொற்றியவர்களில் ரொறன்ரோவில் இருந்து வந்த ஒரு வயதான அம்மாவும் ஒருவர். அவர் ஊர் திரும்பி மார்ச் 5 இல் வீட்டிலேயே இறந்தார். அவருடைய மகன் ஸ்காபரோ கிரேஸ் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்காகக் காத்திருந்தார், மார்ச் 13 இல் இறந்தார். அந்த நோய்க்கு சார்ஸ் என்ற பெயர் பொதுவெளிக்கு வருவதற்கு முதலே அது வார்டுக்குள்ளே புகுந்துவிட்டது.

உலகம் முழுக்க 8,000 பேர் வரைக்கும் பாதிக்கப்பட்டு 774 பேர் இறந்தார்கள். கொவிட்டோடு பார்த்தால் இது சின்னக் கணக்கு. ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் சுகாதாரப் பணியாளர். இந்த நோய் பஸ்ஸிலோ சந்தையிலோ பரவினதைவிட வைத்தியசாலைக்குள்ளே பரவினதுதான் கூட. கனடாவில் இறந்த 44 பேரில் இரண்டு தாதியரும் ஒரு குடும்ப வைத்தியரும் அடக்கம்.

இதை ஒரு வைத்தியரின் பக்கத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். நோயாளியைக் காப்பாற்றப் போகிற நீங்களே அடுத்த வார்டுக்கு நோயைக் கொண்டுபோகிற ஆளாக இருக்கலாம். கட்டிலில் கிடப்பது நேற்று உங்களோடு தேத்தண்ணி குடித்த சக வைத்தியராக இருக்கலாம். வீட்டுக்குப் போனால் பிள்ளையைத் தூக்கப் பயம். அன்று ரொறன்ரோவில் 'வேலைத் தனிமைப்படுத்தல்' என்று ஒரு நடைமுறை இருந்தது. வைத்தியசாலைக்குப் போகலாம், வீட்டுக்கு வரலாம், வேறெங்கும் போகக்கூடாது. வீட்டுக்குள்ளும் முகக்கவசம், தனி அறையில் நித்திரை, காய்ச்சல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வேலைக்கு மட்டும் வெளியே வரலாம், மனிசராக வெளியே வர ஏலாது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது என்று எங்களுக்கும் விளங்குகிறது. ஆனாலும் வாசிக்கேக்க மூச்சு முட்டுகிறது.

நகரின் மவுண்ட் சினாய் வைத்தியசாலையில் இருந்த உளமருத்துவர்கள் இதைக் கவனித்தார்கள். ரொபர்ட் மோண்டரும் அவருடைய சகாக்களும் தங்கள் பணியாளர்களுக்கு வந்து உட்கார்ந்து கதைக்க ஓர் இடமும், பெயர் வெளியே போகாத ஒரு தொலைபேசி இணைப்பும் ஏற்பாடு செய்து, முதல் நாலு கிழமை அனுபவத்தை 2003 மே மாதமே கட்டுரையாக வெளியிட்டார்கள். நோய் இன்னும் நகரை விட்டுப் போகவில்லை. தொற்றிவிடுமோ என்ற பயம், வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம், அக்கம்பக்கத்தார் ஒதுக்குவது, தங்களோடு வேலை செய்தவரையே நோயாளியாகப் பார்க்கிற வேதனை எல்லாம் அதில் இருக்கிறது.

ஆனால் எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வந்த ஆய்வு. பொதுவாக நோய் போனதும் கதை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். ரொறன்ரோவும் ஜூலை 30 இல் ரோலிங் ஸ்டோன்ஸை அழைத்து லட்சக்கணக்கான சனத்தோடு ஒரு பெரிய இசை நிகழ்ச்சி வைத்து, 'நாங்கள் தப்பிவிட்டோம்' என்று உலகத்துக்குக் காட்டியது. மோண்டர் குழு விடவில்லை. ஒன்றிலிருந்து இரண்டு வருசம் கழித்து, சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த ரொறன்ரோ வைத்தியசாலைகளிலும், சார்ஸ் வராத ஹமில்டன் நகர வைத்தியசாலைகளிலும் 769 பேரிடம் கேட்டார்கள். அவர்களில் கூடுதலானவர்கள் தாதியர் என்பதையும் சொல்லவேண்டும். வைத்தியர் என்று மட்டும் பேசும்போது அவர்கள் எப்பவும் மறைந்துபோகிறார்கள். வேலையால் மனம் முழுக்கக் களைத்துப்போனவர்கள் ஹமில்டனில் நூற்றுக்கு 19 பேரளவில், ரொறன்ரோவில் 30 பேரளவில். கடும் மன உளைச்சல் அங்கே 30, இங்கே 45. நோயாளிகளோடு பழகுவதைக் குறைத்தவர்களும் வேலை நேரத்தைக் குறைத்தவர்களும் ரொறன்ரோவில்தான் கூட. பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் போதுமானளவு கிடைத்தது என்று உணர்ந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. அதாவது தனிமனித மனவலிமையில் எல்லாப் பழியையும் போட ஏலாது. நிர்வாகம் என்ன செய்தது என்பதும் மனசுக்குள்ளே போய் உட்கார்கிறது.

அதுக்கு ஓர் உதாரணம். மே மாதம் சார்ஸ் முடிந்தது என்று கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். நோர்த் யோர்க்கில் ஒரு வைத்தியசாலையின் தாதியர் 'இல்லை, வார்டில் சந்தேகமான நோயாளிகள் இருக்கிறார்கள்' என்று எச்சரித்தார்கள். எடுபடவில்லை. இரண்டாவது அலை அங்கேதான் வெடித்தது. நீதிபதி ஆர்ச்சி காம்பெல் தலைமையிலான விசாரணை ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை இதை விலாவாரியாகப் பதிவுசெய்கிறது. அறிவியல் முழுசாக நிரூபிக்கும்வரை காத்திராமல் பணியாளரைப் பாதுகாக்கவேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. கத்திக் கத்திச் சொல்லியும் கேட்கப்படாத ஒருவர் அடுத்தநாள் அதே வார்டுக்கு எந்த மனநிலையில் போவார்?

பிறகு 2020. நியூயோர்க்கில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு வைத்தியர் லோர்னா பிரீன். தனக்கே கொவிட் வந்து, தேறி, மறுபடி வேலைக்குப் போனார். ஓய்வில்லாத வேலை, நடைபாதை வரைக்கும் நோயாளிகள். ஏப்ரல் 26 இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மனநலச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் வைத்திய அனுமதிப்பத்திரம் போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அந்தப் பயம் கற்பனை அல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அனுமதிப்பத்திர விண்ணப்பத்திலேயே மனநோய் பற்றிக் கேள்வி இருந்தது. 2022 மார்ச்சில் அவருடைய பெயரிலேயே சுகாதாரப் பணியாளரின் மனநலத்துக்கு ஒரு சட்டம் வந்தது. ஒரு சட்டத்துக்கு இது மிகப் பெரிய விலை.

அந்த வசந்தத்தில் பல நகரங்களில் சனம் பல்கணியில் நின்று கைதட்டியது. மனசாரத்தான் தட்டினார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'வீரர்' என்று கூப்பிடப்பட்ட ஒருவர் 'எனக்கு ஏலாமல் இருக்கு' என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

இலங்கையில் கொவிட்டால் முதல் வைத்தியர் இறந்தது 2021 பெப்ரவரியில். அவருக்கு வயது 32. அதே வருசம் எங்களில் ஒருவரின் அக்கா உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தா. வீட்டுக்கு வந்தால் கேற்றுக்கு வெளியே நின்று சாப்பாட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு போயிடுவா. போனில் எப்பவும் 'நல்லா இருக்கிறன், நீங்கள் கவனம்' என்று ஒரே பதில்தான். இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம்தான் அவவிடம் முதன்முதலாகக் கேட்டோம். கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'ஆரிட்டச் சொல்லுறது? சொன்னா ஃபைலில ஏறிடும் எண்டு பயம்' என்றா. லோர்னா பிரீனின் கதையை நாங்கள் அப்போது இன்னும் அவவுக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறகு ரொறன்ரோ ஆய்வைப் பற்றிச் சொன்னோம். எத்தினையாம் ஆண்டு என்று கேட்டா. 2006 என்றதும், 'அப்ப தெரிஞ்சுதான் இருந்திருக்கு' என்றுவிட்டு, அதைத் தனக்கும் அனுப்பச் சொன்னா.