ஹெய்யான் வந்த வழி

தேனியிலோ சின்னமனூரிலோ கம்பத்திலோ, ஷோட்டோகான் கராத்தே வகுப்பில் சேரும் பிள்ளை முதலில் படிக்கும் கட்டா ஹெய்யான் ஷோடான். இடப்பக்கம் திரும்பி, கீழே ஒரு தடுப்பு, ஓரடி வைத்து ஒரு குத்து என்று தொடங்கும். மொத்தம் 21 அசைவு. எண்ணுவது ஜப்பானிய மொழியில்: இச்சி, நி, சான். திட்டு மட்டும் தமிழில். குத்துவரிசை தெரிந்த பெரியவர் பார்த்தால், எதிரே ஆளில்லாமல் போடும் 'வரிசை' என்று சட்டென்று புரிந்துகொள்வார்.

இந்த வரிசைக்கு எது சொந்த ஊர்? 'ஏழாம் அறிவு' படம் 2011இல் வந்தபின் போதிதர்மர், காஞ்சிபுரம் என்று பதில் தயாராக இருக்கிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அவரை ஷாவோலின் பயிற்சிகளோடு இணைக்கும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவருக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. அது நம்பத்தக்கதல்ல என்று சீன வரலாற்றாளர் டாங் ஹாவ் 1930களிலேயே காட்டிவிட்டார்.

கைக்குச் சிக்கும் தடம் இன்றைய ஜப்பானின் தெற்குத் தீவான ஓகினாவாவில் இருக்கிறது. குசான்கு என்ற சீனர் அங்கே மற்போர்ப் பிடிகள் காட்டியதை 1762ஆம் ஆண்டுக் குறிப்பொன்று சொல்கிறது. அவர் பெயரிலேயே நீளமான, கடினமான ஒரு கட்டா உண்டு. 1901இல் அத்தீவின் ஷூரி நகரத் தொடக்கப் பள்ளிக்குள் கராத்தே நுழைந்தது. அந்த நீளமான கட்டா சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்காது. இட்டோசு அன்கோ (1831–1915) பெரும்பாலும் அதிலிருந்தே அசைவுகளைப் பிரித்தெடுத்து, 1905ஐ ஒட்டி ஐந்து சிறு கட்டாக்கள் அமைத்தார். பெயர் 'பினான்'. அமைதி என்று பொருள். குத்துக்கும் உதைக்கும் வைத்த பெயர்!

பள்ளி ஆசிரியரான ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோ போய்க் கராத்தே செய்து காட்டினார். பின்னாளில் 'பினான்' எழுத்துகளையே ஜப்பானிய முறையில் 'ஹெய்யான்' என்று வாசித்தார். முதல் இரண்டு கட்டாக்களை இடம் மாற்றியும் வைத்தார். 'சீனக் கை' என்று எழுதப்பட்ட கராத்தே 1930களில் 'வெறுங்கை' ஆனது. சீனத்தோடு ஜப்பான் மோதிக்கொண்டிருந்த காலம் அது. எழுத்துதான் மாறியது, உச்சரிப்பு அப்படியே நின்றது.

நம் ஊர்ப் பையன்களுக்குக் கராத்தே ஆசையைக் கிளப்பியவர் புரூஸ் லீ. அவர் போட்டது குங்ஃபூ என்பது வேறு கதை. இன்று அரசுப் பள்ளி மாணவிகளுக்கும் தற்காப்புக்காகக் கராத்தே சொல்லித் தருகிறார்கள். பள்ளிக்கூடத்துக்காகச் செய்த சரக்கு, பள்ளிக்கூடத்துக்கே வந்திருக்கிறது.

மாஸ்டரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர் முதலாவதாகக் கற்றுத்தரும் கட்டா, இட்டோசுவின் கணக்கில் இரண்டாவது.