தளர்வைக் கற்ற நாடா

கயிற்று நடை மிகப் பழைய கலை, ஸ்லாக்லைன் அவ்வாறன்று. யோசெமிட்டி பள்ளத்தாக்கின் பாறையேறிகள் ஓய்வுநேரத்தில் தடுப்புச் சங்கிலிகளின்மேல் நடந்து பழகியதுண்டு. எனினும், 1970களின் இறுதியில் வாஷிங்டன் மாநிலத்தின் எவர்கிரீன் கல்லூரி மாணவர்களான ஆடம் குரோசோவ்ஸ்கியும் ஜெஃப் எலிங்டனும் பாறையேறிகளின் நைலான் நாடாவில் நடந்ததையே இதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம்.

சர்க்கஸ் கம்பி விறைத்து நிற்பது. நாடாவோ தொய்வது, ஊசலாடுவது. பெயரிலேயே தளர்வைத் தாங்கியிருந்தும், புதியவர்கள் அத்தளர்வைக் குறையென்றெண்ணி நாடாவை மேன்மேலும் முறுக்குகின்றனர். இடர் அங்கேதான் பிறக்கிறது. 20 மீட்டர் நாடாவின் நடுவே 70 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்கையில் அது 1 மீட்டர் தொய்ந்தால், ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 350 கிலோ எடைக்கு நிகரான இழுவிசை விழும். தொய்வு அரை மீட்டராகச் சுருங்கினால் அது 700 கிலோவாகும். அப்போது இளமரம் சாயலாம். கொக்கி தெறித்து முகத்தில் அறையலாம். பருத்த மரத்தைத் தேர்வதும், அதன் பட்டை காயமுறாமல் தடித்த துணி சுற்றுவதும், முழங்கால் உயரத்துக்கு மேற்படாமல் கட்டுவதும் இக்கணக்கை உணர்ந்தோரின் நடைமுறைகள்.

1985இல் ஸ்காட் பால்கம் யோசெமிட்டியின் லாஸ்ட் ஆரோ பாறைத்தூணுக்கு நாடாவின்மீதே நடந்து கடந்தார். பள்ளத்தாக்கின் தரை 800 மீட்டருக்கும் கீழே கிடந்தது. அத்தகைய உயரங்களில் இன்று முதன்மை நாடாவின்கீழ் மற்றொரு காப்பு நாடா தளர்வாகத் தொங்கவிடப்படுகிறது. நடப்பவரின் இடுப்புக் கயிறு இரண்டையும் வளைத்த வளையத்தில் பிணைந்திருக்கும். மேல்நாடா அறும் கணத்தில் மட்டுமே கீழ்நாடா விறைக்கும்.