'பதேர் பாஞ்சாலி': நாவல் நடையும் திரைமொழியும்

இலக்கிய நாவலொன்று திரைப்படமாகும்போது எழும் விவாதம் பெரும்பாலும் கதை மாற்றங்களைச் சுற்றியே அமைகிறது. எக்காட்சி விடுபட்டது, எது புதிதாய்ச் சேர்ந்தது என்னும் கணக்கே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இவ்வளவுகோல் போதாது என்பதற்கு வங்க நாவலான 'பதேர் பாஞ்சாலி' தக்க சான்றாகும்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் எழுதிய இந்நாவல் 'பிசித்ரா' இதழில் தொடராக வெளிவந்து, 1929இல் நூல்வடிவம் பெற்றது. 1940களில் அதன் சிறுவர் சுருக்கப் பதிப்புக்கு ஓவியம் வரைந்த சத்யஜித் ராய், 1955இல் அதனைத் திரைப்படமாக்கினார்.

கதை மாற்றங்கள் பல உள. நாவலின் முதற்பகுதியிலேயே இறந்துவிடும் முதியவள் இந்திர், படத்தின் நடுப்பகுதிவரை வாழ்கிறாள். நாவலில் துர்கா ரயிலைக் காணாமலே இறக்கிறாள். படத்திலோ நாணல் பூத்த வெளியில் அக்காளும் தம்பியும் ஓட, ரயில் கடந்து செல்கிறது.

எனினும் இவற்றினும் பெரிய மாற்றம் மொழிநிலையில் நிகழ்ந்துள்ளது. நாவலில் ஆசிரியர் கூற்று சாதுபாஷை எனப்படும் எழுத்து வழக்கிலும், மாந்தர் உரையாடல் பேச்சு வழக்கிலும் அமைந்துள்ளன. 'செய்து' என்னும் எச்சத்துக்குச் சாது வடிவம் 'கொரியா'; பேச்சு வடிவம் 'கொரே'. இவ்விரு வழக்குகளின் இடைவெளியிலேயே ஏழைக் குடும்பத்தைப் பரிவுடன் நோக்கும் ஆசிரியரின் குரல் பிறக்கிறது. படத்தில் கதைசொல்லி இல்லை. ஆகவே ஆசிரியர் கூற்றின் சாதுபாஷை மறைந்து, பெரும்பாலும் பேச்சு வழக்கே எஞ்சுகிறது. மறைந்த குரலின் இடத்தை, குளத்து நீரில் ஊரும் பூச்சிகளையும் மழைக்கு முந்திய காற்றையும் அவசரமின்றி நோக்கும் காட்சிகள் நிரப்புகின்றன.

சில இடங்களில் பேச்சும் விலக்கப்படுகிறது. ஊர் திரும்பும் ஹரிஹர் மகளுக்கென வாங்கிய புடவையை நீட்டும்போது, நாவலில் சர்வஜயா வாய்விட்டுச் சொல்லி அழுகிறாள். படத்தில் அவள் வாய் திறக்கிறது. அழுகுரலுக்குப் பதிலாகத் தார் ஷெனாயின் இசையே கேட்கிறது.

எழுத்து, பேச்சு என இருவழக்குடைய தமிழில் மொழிபெயர்ப்போர்க்கு இது நேரடிப் பயனுடையது. இரண்டையும் ஒரே நடையில் தருவோமாயின், கதை பிழையின்றி வந்து சேரும். கதைசொல்லியின் குரல் வாராது. அக்குரலுக்கு வேறொரு வடிவம் தேடியமையாலேயே, கதையில் இத்தனை மாறியும் ராயின் படம் மூலத்துக்கு அணுக்கமாக நிற்கிறது எனலாம்.