நீர்மின் வலுவும் பல்லேகமவும்
இலங்கையின் நீர்மின் வரலாற்றில் மாத்தளை மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் உக்குவெலயில் மின் பிறப்பித்தது. 1981இல் போவத்தென்ன மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அவ்வழியில் பின்னர் எழுந்ததே மொரகஹகந்த–களுகங்கைத் திட்டம். வயலை நாடிச் செல்லும் நீரே மொரகஹகந்தையில் 25 மெகாவாற்று மின்வலுவையும் தருகின்றது. இறக்குமதி எரிபொருளை வேண்டாத இவ்வலுவின் அருமையை, 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகள் நாட்டிற்கு நன்குணர்த்தின.

ஆயினும், இப்பேற்றிற்குப் பல்லேகம பெருவிலை கொடுத்தது. களுகங்கை அணையின் பொருட்டுப் பழைய லக்கல நகரும் வயல்களும் நீரில் அமிழ்ந்தன, மக்கள் இடம்பெயர்ந்தனர். 2018இல் அவர்க்கெனப் புதுநகர் திறக்கப்பட்டது. புதுநகர் வீடு தரலாம். தலைமுறைகள் பண்படுத்திய வயலைத் தருதல் எளிதன்று. ஆதலின், புதுப்பிக்கத்தக்க வலுவின் செலவைக் கணிப்போர் இவ்விழப்பையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.