முடிவு தெரிந்த கதைகள்: கிறிஸ்துமஸ் காதல் படமும் கோதையின் மார்கழியும்

போன டிசம்பரில் ராஜபாளையம் வீட்டில் நடந்தது. ராத்திரி பத்து மணி. அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். டிவியில் ஒரு அமெரிக்கக் கிறிஸ்துமஸ் காதல் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெருநகரத்தில் பெரிய வேலையில் இருக்கிற பெண் சொந்த ஊருக்கு வருகிறாள். ஊரில் ஒரு பேக்கரி மூடப்போகிறது. பக்கத்திலேயே ஒரு தச்சர், மனைவியை இழந்தவர், கூடவே ஒரு சுட்டிக் குழந்தை. பெரியம்மா ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, இவ அவனத்தான் கட்டப்போறா. இது தெரிஞ்சும் எதுக்கு ரெண்டு மணி நேரம் முழிச்சிருக்க?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க மட்டும் விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சுப் பாடுறீங்களே, அதுல முடிவு தெரியாதா பெரியம்மா?"

பெரியம்மா சிரித்துவிட்டார். எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடிப் போனதுதான்.

முதலில் அந்தப் படங்கள்

ஹால்மார்க் 1910-ல் கேன்சஸ் சிட்டியில் தொடங்கிய வாழ்த்து அட்டைக் கம்பெனி. தொலைக்காட்சிக்குள் அது வந்ததே கிறிஸ்துமஸ் வழியாகத்தான். 1951 டிசம்பர் 24 இரவு என்.பி.சி. தொலைக்காட்சியில் மெனோட்டி எழுதிய ஒரு ஓபராவை ஹால்மார்க் விளம்பரதாரராக இருந்து ஒளிபரப்பியது. தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட முதல் ஓபரா அது. ஐம்பது வருஷம் கழித்து 2001-ல் ஹால்மார்க் சேனல். 2009-லிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வரைக்கும் நாள் எண்ணிக்கொண்டே படம் போடும் வழக்கம். இப்போது அக்டோபர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு சீசனுக்கு நாற்பதை ஒட்டிப் புதுப் படங்கள் வந்த வருஷங்கள் உண்டு.

நாற்பது படம் எப்படி முடியும்? இரண்டு மூன்று வாரத்தில் ஒரு படத்தை எடுத்து முடிக்கிறார்கள். பல படங்கள் கனடாவில், அதுவும் கோடையில், செயற்கைப் பனியைக் கொட்டி எடுத்தவை. கம்பளிக் கோட்டுக்குள் நடிகர்கள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். கதையையும் விளம்பர இடைவேளைக்குத் தகுந்த மாதிரி துண்டு துண்டாக வெட்டித்தான் எழுதுகிறார்கள். முதல் துண்டில் சந்திப்பு, நடுவில் பிஸ்கட் சுடுவது, மரத்துக்கு விளக்குக் கட்டுவது, கடைசி கால் மணி நேரத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தப்பர்த்தம், அப்புறம் பனியில் ஒரு முத்தம்.

பலம் என்ன என்பது பார்க்கிறவர்களுக்கே தெரியும். யாரும் சாக மாட்டார்கள், யாரும் ஏமாற்ற மாட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும் பார்க்கலாம், துணி மடித்துக்கொண்டும் பார்க்கலாம். 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் 'எ கிறிஸ்மஸ் பிரின்ஸ்' என்ற படத்தை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து 18 நாள் தினமும் பார்த்த 53 பேரைப் பற்றி அந்த நிறுவனமே ட்விட்டரில் கேலி செய்தது. கேலி வேறு விஷயம். ஒரே கதையைத் தினமும் கேட்பது நமக்கு ஒன்றும் விசித்திரம் இல்லையே!

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வெகுகாலம் இந்தப் படங்களின் நாயக நாயகியர் பெரும்பாலும் வெள்ளையர்கள்தான். 2019 டிசம்பரில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிடும் ஒரு விளம்பரத்தை ஹால்மார்க் சேனல் நிறுத்தியது. எதிர்ப்பு கிளம்பவே, சில நாளில் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்த வருஷம்தான் ஓரினத் தம்பதி முக்கியப் பாத்திரமாக வரும் கிறிஸ்துமஸ் படம் அங்கே வந்தது. படித்து வேலைக்குப் போன பெண் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு தங்குவது என்பது இன்னொரு பழைய பல்லவி. ஆனால் என் கணக்கில் பெரிய குறை வேறு. அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் வர வேண்டும்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அங்கே மார்கழி என்றால் முப்பது நாள், முப்பது பாட்டு, நாளுக்கு ஒன்று. டிசம்பர் 25 பெரும்பாலும் மார்கழி 10-ஆக வரும். அன்றைய திருப்பாவைப் பாட்டு, எழுந்திருக்காத தோழியைக் கும்பகர்ணனோடு சேர்த்துக் கிண்டல் பண்ணுகிற பாட்டு. திருப்பதியில் இந்த மாதம் முழுக்கச் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை. எங்கள் தெருவில் ஸ்பீக்கரில் எம்.எல். வசந்தகுமாரியின் குரல், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்ட மெட்டு. பருவகால ஒளிபரப்பு என்பது நமக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு.

கூறுகளைக் கூடப் பொருத்திப் பார்க்கலாம். பனி இருக்கிறது. வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புவது இருக்கிறது, அதுவே பத்துப் பாட்டு. சாப்பாடு இருக்கிறது: 27-ஆம் நாள் கூடாரவல்லி, நெய் முழங்கை வரைக்கும் வழியும் அக்காரவடிசல். நல்ல கணவன், நல்ல மழை என்ற இரண்டும்தான் பாவை நோன்பின் பழைய வேண்டுதல்கள். மு. இராகவையங்கார் 13-ஆம் பாட்டில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பை வைத்து அந்த மார்கழி கி.பி. 731-ல் வந்தது என்று கணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் பழைய கதை.

முடிவும் எல்லோருக்கும் தெரியும். துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை, சாமிக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி கிணற்றில் அழகு பார்க்கிறாள், கடைசியில் ஸ்ரீரங்கம் போய் ரங்கநாதரோடு கலந்துவிடுகிறாள். கண்ணாடிக் கிணற்றை இன்றைக்கும் காட்டுகிறார்கள். கருவறையில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் சேர்ந்து நிற்க, பக்கத்தில் கருடனும் நிற்கிறார். பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம். ரங்கமன்னாரை 'வீட்டோட மாப்பிள்ளை' என்று ஊரில் செல்லமாகச் சொல்வதும் உண்டு.

இந்தக் கல்யாண முடிவு எங்கிருந்து வந்தது? குருபரம்பரை நூல்களிலிருந்து. அதாவது ஆண்டாளுக்குச் சில நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட ஆழ்வார் சரித்திரங்களிலிருந்து. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் இதே கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்ற காவியமாக்கினார். கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்துப் பெருமாள் கனவில் வந்து, தன் கல்யாணக் கதையைத் தெலுங்கில் சொல்லும்படி கேட்டதாக ராயரே அதில் சொல்கிறார். வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் நிறைந்த ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெண்தான் ஒரு தெலுங்குப் பெருங்காவியத்தின் நாயகி என்பது இங்கே பலருக்கே புதுச் செய்தி. பிறகு 1968-ல் ஏ.பி. நாகராஜனின் 'திருமால் பெருமை'. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிக்கிறதுக்காக எங்கள் வீட்டில் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கே இல்லை.

ஆக நமக்கும் ஒரு பண்டிகைக் காதல் படம் உண்டு. காவியமாக, சினிமாவாக, வருஷா வருஷம் கோயில் கல்யாணமாகத் திரும்பத் திரும்ப வருகிறது.

அவள் எழுதியதில் அந்த முடிவு இல்லை

ஆண்டாள் இரண்டு நூல் எழுதினார். திருப்பாவை 30 பாட்டு. நாச்சியார் திருமொழி 14 திருமொழிகள், 143 பாட்டு. திருப்பாவை மார்கழியில் முடிகிறது. நாச்சியார் திருமொழி தை மாதத்தில் தொடங்குகிறது. நம் வீடுகளில் மார்கழியில் கல்யாணம் கிடையாது, தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருப்போம். கோதைக்குத் தை பிறந்தும் வழி பிறக்கவில்லை. தை மாதம் முழுக்கத் தரையைத் துப்புரவாக்கிக் கோலம் போட்டுக் காமதேவனிடம் கெஞ்சுகிறாள். அவனோடு என்னைச் சேர்த்துவை, மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டால் உயிரோடு இருக்கமாட்டேன் என்கிறாள். குயிலிடம் சொல்லிப் பார்க்கிறாள். சங்கிடம், அவன் வாய் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். மேகங்களை வேங்கடத்துக்குத் தூது அனுப்புகிறாள்.

கல்யாணம் வருவது ஒரே ஒரு இடத்தில்தான். ஆறாம் திருமொழி, வாரணமாயிரம். வைணவக் கல்யாண வீடுகளில் பாடுவது இதைத்தான். வரலாற்று ஆவணமாகவே இது அருமையானது. இந்திரனும் தேவர்களும் வந்து பெண் பேசுவது, அந்தரி புடவை உடுத்திவிடுவது, காப்புக் கட்டுவது, முத்துப் பந்தல், கைப்பிடிப்பது, தீவலம், அம்மி மிதிப்பது, அண்ணன்மார் பொரி இடுவது, யானை மேல் ஊர்வலம் என்று எல்லாச் சடங்கும் வரிசையாக வருகிறது. இவ்வளவு விவரத்தில் தாலி கட்டுவது மட்டும் இல்லை. தாலி எப்போதிலிருந்து வந்தது என்ற விவாதத்தில் இந்தப் பதிகம் முக்கியமான சாட்சி.

ஆனால் ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் அவள் தோழியிடம் சொல்வது ஒன்றுதான்: இது கனவு. விழித்த பிறகு இன்னும் எட்டுத் திருமொழிகள் இருக்கின்றன. கல்யாண மேடையில் அந்த எட்டை யாரும் பாடுவதில்லை. பதின்மூன்றாவதில் அவள் கோபம் உச்சத்துக்குப் போகிறது. வராதவனுடைய மார்பில், பயன்படாத தன் முலையைப் பிடுங்கி எறிந்து சூடு தீர்த்துக்கொள்வேன் என்கிற அளவுக்கு. பதினான்காவது, அவனைக் கண்டீரா என்ற கேள்வியும், பிருந்தாவனத்தில் கண்டோம் என்ற பதிலுமாக முடிகிறது. பார்த்தவர்கள் யாரோ. அவளுக்குக் கைப்பிடித்த கல்யாணம் நடந்ததாக அவள் எங்கும் எழுதவில்லை.

மரபு இதை மறைத்தது என்று நான் சொல்லவில்லை. பெரியவாச்சான் பிள்ளை பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பாட்டுக்குப் பாட்டு உரை எழுதியிருக்கிறார். மார்கழிப் பகல்பத்தில் கோயிலில் முழுசாகச் சேவிக்கிறார்கள். நான் சொல்வது நம் வீட்டையும் டிவியையும். நாம் 30 பாட்டையும் கனவுப் பதிகத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சம் 132 பாட்டை எடிட் செய்துவிட்டோம்.

2018 ஜனவரி 7, மார்கழி 23. ராஜபாளையத்தில் தினமணி நடத்திய விழாவில் கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்ற உரையை ஆற்றினார். ஆண்டாளைத் தேவதாசி மரபோடு சேர்த்துச் சொன்ன ஓர் ஆய்வு வரியை அதில் மேற்கோள் காட்டியிருந்தார். பெரும் எதிர்ப்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் உண்ணாவிரதம், வருத்தம் தெரிவிப்பு, வழக்கு என்று வாரக்கணக்கில் போனது. யார் பக்கம் நியாயம் என்ற வழக்கை இங்கே திறக்கவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்று. டீக்கடையிலும் டிவியிலும் எல்லோரும் அவள் யார், யாருக்குப் பிறந்தாள், எங்கே போய்ச் சேர்ந்தாள் என்றே சண்டை போட்டார்கள். தன்னைப் பற்றி அவளே எழுதி வைத்த 143 பாட்டை எடுத்துப் பேசியவர்கள் என் காதில் விழுந்தவரை ரொம்பக் குறைவு. கதை முக்கியமாகிவிட்டால் கதை சொன்னவள் காணாமல் போய்விடுகிறாள்.

அப்போ குறை எது?

முடிவு தெரிந்திருப்பது குறை இல்லை. அக்கா மகள் சொன்னது சரிதான். தெரிந்த முடிவை நோக்கி ஊரோடு சேர்ந்து நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பாவை நோன்பும் அதுதான், ஹால்மார்க்கும் ஒரு வகையில் அதுதான்.

ஆசைக்கு விலையே இல்லாமல் காட்டுவதுதான் குறை. அந்தப் படங்களில் யாரும் பதில் வராமல் காத்திருப்பதில்லை. தப்பர்த்தம் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். டிசம்பர் 25 தாண்டியும் தனியாக இருக்கிறவளுக்கு அந்த ஊரில் வீடே கிடையாது. அவள் பக்கத்து வீட்டு வேடிக்கையான சித்தியாக வந்து போவாள், அவ்வளவுதான். ஆண்டாளிடம் மார்கழியும் இருக்கிறது, அது முடிந்த பிறகான தையும் மாசியும் இருக்கிறது. அதனால்தான் அது ஆயிரம் வருஷம் தாங்குகிறது. அதை முப்பது நாளோடு நிறுத்தும்போது நாமும் ஒரு ஹால்மார்க் படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது எழுபத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் முப்பதோட நிறுத்துறேன்னு உனக்கு யார் சொன்னது?" என்றார்.

பூஜை அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த திவ்யப் பிரபந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நாச்சியார் திருமொழி இருக்கிற பக்கங்கள்தான் அதில் ரொம்பவும் நைந்து, ஓரமெல்லாம் மஞ்சள் கறையோடு இருந்தன. "மார்கழி எல்லாருக்கும். தை பிறந்தா நான் இதை எடுத்துருவேன். சத்தமாப் படிக்கிறதில்ல, அவ்வளவுதான்."

இந்தத் தை ஒன்றாம் தேதி அக்கா மகளுக்கு லீவு முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து முதல் திருமொழியைப் படித்தார்கள். சத்தமாகவே.