இரயிலேறிய மக்கள்

ஊர் மாறினால் பேதம் ஒழியும். ஆலைச் சங்கின் ஒலியிலே, ஆண்டான் அடிமை எனும் எண்ணம் அடங்கிவிடும் என்று நம்புவோர் உண்டு. நம்பிக்கை நல்லதுதான். ஆனால், வரலாறு கூறுவது என்ன? அமெரிக்கக் கறுப்பின மக்களின் மாபெரும் இடப்பெயர்ச்சியைக் காண்போம்.

1865-இல் சட்டம் அடிமை விலங்கை அறுத்தது. விலங்கு போயிற்று, வேதனை போயிற்றா? நிலம் வெள்ளையருக்கு, உழைப்பு கறுப்பருக்கு! வாரத்துக்குப் பயிரிட்டவர் அறுவடைக்குப் பின் கணக்குப் பார்த்தால், கடன்தான் மிச்சம். வாக்குரிமை பறிக்கப்பட்டது, எதிர்த்துப் பேசியவரின் கழுத்துக்குக் கயிறு காத்திருந்தது. 1910-இல் அந்நாட்டுக் கறுப்பின மக்களுள் பத்தில் ஒன்பது பேர் இத்தகைய தென்மாநிலங்களிலேதான் வாழ்ந்தனர்.

1914-இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. அங்கிருந்து வந்த தொழிலாளர் வரத்து சுருங்கியது. வடக்கே, சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களும் உருக்காலைகளும் ஆள் தேடின. தெற்கே, பருத்திக்காயை வண்டு தின்றது. மக்கள் இரயிலேறினர்.

அதுவரை ‘சோம்பேறிகள்’ என்று ஏசிய பண்ணையார்கள், ‘போகாதீர்’ என வழிமறித்தனர்! ஜார்ஜியாவின் மேக்கன் நகரம், ஆள்சேர்க்கும் முகவருக்கான உரிமக் கட்டணத்தை 25,000 டாலராக உயர்த்தியது. ஆயினும் செய்தியைச் சிறைப்படுத்த முடியவில்லை. இராபர்ட் ஆபட் 1905-இல் சிகாகோவில் தொடங்கிய ‘டிஃபெண்டர்’ ஏட்டை, இரயில் பணியாளர் தெற்கே கொண்டுசென்று பரப்பினர். எழுத்தறிந்தவர் படித்தார், அறியாதவர் சூழ்ந்திருந்து கேட்டனர். 1910-இல் சிகாகோவில் ஏறத்தாழ 44,000 ஆக இருந்த கறுப்பின மக்கள், 1920-இல் 1,09,000 ஆயினர்.

அங்கே கூலி கிடைத்தது. சமத்துவம் கிடைத்ததா? குறித்த பகுதிக்கு அப்பால் குடியிருக்க இடமில்லை. தொழிற்சங்கங்கள் பல கதவடைத்தன. முதலாளிகளோ வேலைநிறுத்தத்தை முறிக்க அவர்களையே ஏவினர். உழைப்பவன் உழைப்பவனைப் பகைத்தான், ஆதாயம் யாருக்கு?

1919, ஜூலை 27. மிச்சிகன் ஏரியில் நீராடிய 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையர் தமதெனக் கருதிய நீர்ப்பரப்புப் பக்கம் மிதந்து சென்றான். கல் எறிந்தனர், சிறுவன் மூழ்கி மாண்டான். நீரிலே கோடு போட்டது யார்? இயற்கையா? இல்லை, இறுமாப்பு! தொடர்ந்த கலகத்தில் 38 பேர் மடிந்தனர். அவருள் 23 பேர் கறுப்பர். ஏறத்தாழ ஆயிரம் கறுப்பினக் குடும்பங்கள் வீடிழந்தன.

அவர்கள் ஏறிவந்த இரயிலிலே வெறுப்புக்கும் இடம் இருந்தது என்பது மெய். அதனால் பயணம் வீணாயிற்றா? இல்லை. தெற்கே இல்லாத கருவிகள் வடக்கே கிடைத்தன: வாக்கு, ஏடு, சங்கம். 1928-இல் சிகாகோ மக்கள் ஆஸ்கர் டி பிரீஸ்டைக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுத்தனர். பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925-இல் அமைந்த இரயில் பணியாளர் சங்கம், பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-இல் புல்மன் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. 1941-இல் வாஷிங்டன் நோக்கி அணிவகுப்போம் என்றார் ராண்டால்ஃப். போர்த் தளவாடத் தொழில்களில் இனபேதம் கூடாதென ஆணையிட்டார் அதிபர் ரூஸ்வெல்ட்.

1970 வரையில் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ அறுபது இலட்சம். அவர்களை இரயில் நகரத்தில் இறக்கிவிட்டது, அவ்வளவே. அங்கே நிமிர்ந்து நிற்கச் செய்தது அவர்கள் கட்டிய அமைப்பு. இடம் மாறியதால் மட்டும் இழிவு மாயவில்லை. இணைந்து எழுந்தபோதுதான் அது பின்வாங்கத் தொடங்கிற்று!