சுவருக்கு உடுத்திய துணி

குளிர் தேசங்களில் கல்லால் எழுப்பிய மாளிகைச் சுவர், வெளியே நின்று பார்ப்பவனுக்கு எவ்வளவு கம்பீரமாகத் தோன்றினாலும், உள்ளே வசிப்பவனுக்கு வருஷத்தில் பாதி நாள் சத்துருவாகவே இருந்து வந்தது. ஈரமும் குளிர்காற்றும் அதன் வழியாகவே உள்ளே புகுந்தன. ஆகவே ஐரோப்பிய மன்னர்களும் பிரபுக்களும் கம்பளி நூலும் பட்டு நூலும் கொண்டு தறியிலேயே சித்திரங்களை நெய்தெடுத்த பெருந்திரைகளால் சுவர்களைப் போர்த்தினார்கள். குளிரைத் தடுப்பதற்காகத் தொடங்கிய அவ்வழக்கம் நாளடைவில் செல்வத்தைப் பறைசாற்றுவதற்கான சாதனமாகவும் ஆயிற்று. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1547இல் இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துக் கணக்கில் இத்தகைய திரைகள் இரண்டாயிரத்துக்கு மேல் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தொகுதியை நெய்து முடிக்கப் பல கைகள் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்த அத்திரைகளைச் சாமானியக் குடியானவன் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

ஆனால் வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டு வாழ மனிதனுக்கு மனம் ஒப்புவதில்லை. நெய்த திரை எட்டாத இடத்தில் தீட்டிய திரை வந்தது. முரட்டுச் சணல் துணியின்மேல் பசை கலந்த வர்ணங்களால் மரங்களையும் மிருகங்களையும் வேதாகமக் கதைகளையும் தீட்டித் தொங்கவிட்டார்கள். லண்டனில் இதற்கென்றே ஒரு தொழிற்சங்கம் இருந்து, 1502இல் மரத்தில் வர்ணம் தீட்டுவோர் சங்கத்துடன் ஒன்றாக இணைந்தது. மகாகவி ஷேக்ஸ்பியரின் தாயைப் பெற்ற பாட்டனாரான ராபர்ட் ஆர்டன் என்ற கிராமத்து விவசாயி 1556இல் இறந்தபோது, அவர் வீட்டில் இப்படிப்பட்ட துணிகள் பதினொன்று இருந்தன. கலப்பையும் களஞ்சியமுமாக வாழ்ந்த அந்தக் குடும்பம் தன் சுவர்களுக்கு வர்ணம் வேண்டும் என்று கருதியதை எண்ணும்போது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாகிறது. எனினும் அந்தத் துணிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. வர்ணம் துணியின்மேல் ஒட்டியிருந்ததே அன்றி, இழைக்குள் ஊறியதன்று. ஈரம் பட்டால் கரையும், மடித்தால் உதிரும், தோய்க்கவோ முடியாது. ஊரெங்கும் தொங்கிய அவற்றுள் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன.

கரையாத வர்ணம் கிழக்கிலிருந்து போயிற்று. மசூலிப்பட்டினம் தொடங்கிப் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, நாகப்பட்டினம் வரை நீண்ட சோழமண்டலக் கரையில், பருத்தித் துணியில் சாயத்தை இழையோடு பிணைத்துவிடும் சாஸ்திரம் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த குடும்பங்கள் இருந்தன. அவர்கள் செய்த வேலையைச் சற்று நின்று பார்ப்பது தகும். இக்கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவது முதல் வேலை. கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதுகோலிலிருந்து இறங்கும் நீர் பரவிவிடாமல் கோட்டைக் காக்கும். பிறகு துணியைக் கட்டையால் அடித்து மழமழப்பாக்கி, ஊசித்துளையிட்ட காகிதத்தின்மேல் கரிப்பொடியைத் தட்டிச் சித்திரத்தின் சாயலை இறக்கிக்கொண்டு, மூங்கில் கோலால் கோடுகளை எழுதுவார்கள். கறுப்புக்கோட்டுக்கு, இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த நீர். சிவப்பு வரவேண்டிய இடங்களுக்குப் படிகார நீர். படிகாரத்துக்குத் தனக்கென நிறம் கிடையாது. துணியைச் சாயவேர்ச் சாற்றில் இட்டுக் கொதிக்கவைக்கும்போது, படிகாரம் பட்ட இடங்களில் மட்டும் சிவப்பு நிலையாகப் பற்றும். பற்றாத இடங்களில் ஏறிய மங்கல் நிறத்தைச் சாணநீரில் நனைத்தும் வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்தும் போக்கிவிடுவார்கள். நீலத்துக்கு வழியே வேறு: நீலம் வேண்டாத இடம் முழுவதையும் மெழுகால் மூடித் துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்தி, மெழுகைக் கொதிநீரில் உருக்கி எடுக்க வேண்டும். மஞ்சளைக் கடைசியில் கையால் தீட்டுவார்கள். நீலத்தின்மேல் அது விழுந்த இடம் பச்சையாகும். அந்த மஞ்சள் ஒன்றுதான் நிலையற்றது. மேல்நாட்டு மியூஸியங்களில் உள்ள நம் பழைய துணிகளில் இலைகள் நீலமாகக் காட்சியளிப்பதன் காரணம் இதுவே. எழுதியவன் பச்சை இலையைத்தான் எழுதினான்.

சாயவேர், இம்பூறல் என்ற சிறு பூண்டின் வேர். கடலோர மணல்வெளியில் வளர்வது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிடைத்த வேர் பெயர்பெற்றது. ஈழத்தின் கரைப்பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தக் கம்பெனி அதைத் தன் வருவாய்ப் பொருள்களுள் ஒன்றாகவே வைத்துக்கொண்டது. மணலில் குனிந்து அந்த மெல்லிய வேரைக் கிண்டியவர்களும், கரையில் துணி வெளுத்தவர்களும், கோடு எழுதியவர்களும் தங்கள் பெயரை எங்கும் பொறித்துச் செல்லவில்லை. அவர்கள் கைவண்ணம் மட்டும் கடல் கடந்தது.

லண்டன் நகரத்துச் சாமுவேல் பீப்ஸ் என்னும் கடற்படை உத்தியோகஸ்தர் தம் நாட்குறிப்பில், 1663ஆம் வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி, மனைவியின் புதிய படிப்பறைச் சுவர்களுக்கு உறையிடுவதற்காகக் கார்ன்ஹில் கடைவீதியில் வர்ணம் எழுதிய இந்தியப் பருத்தித் துணி, அதாவது சீட்டி, வாங்கியதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் அரசருமல்லர், பிரபுவுமல்லர். சம்பளத்தில் வாழ்ந்து மேலே வந்துகொண்டிருந்த மனிதர். அத்தகையவர் ஓர் அறை முழுவதையும் பூவும் கொடியுமாக மாற்றிக்கொள்ள முடிந்தது என்பதே நம் சீட்டித்துணி செய்த புரட்சி. அடிமட்டத்துக் கூலிக்காரனுக்கு அது அப்போதும் எட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் சுவரின் வர்ணம் அரண்மனை வாசலைத் தாண்டி நடுத்தரக் குடும்பத்தின் அறைக்குள் வந்து, அங்கே தோய்த்தாலும் போகாமல் நின்றது.

வாங்குவோர் ருசிக்கேற்பச் சித்திரமும் மாறியது. 1643இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் சூரத்திலிருந்த தம் ஆட்களுக்கு எழுதி, சிவப்புத் தரைக்குப் பதிலாக வெள்ளைத் தரையில் பூக்கள் கொண்ட துணிகளை அனுப்பச் சொன்னார்கள். இப்படிக் கரைக்குக் கரை கட்டளைகள் வந்து, பாறையிலிருந்து வளைந்தெழுந்து கிளைதோறும் வேறுவேறு பூக்களைச் சுமக்கும் அந்தப் பிரசித்தமான விருட்சச் சித்திரம் உருவாயிற்று. அது முழுக்க இந்தியமுமன்று, முழுக்க ஐரோப்பியமுமன்று. சீனத்தின் சாயலும் அதில் உண்டு. கலப்பென்று அதைக் குறைத்துப் பேசுவோருடன் நான் உடன்படமாட்டேன். அந்தக் கிளைகளின் வளைவில் உள்ள தீர்மானம், பிறர் ருசிக்கு வேலைசெய்யும்போதும் தன் கையை விட்டுக்கொடுக்காதவனுடையது.

அத்தனை பேர் விரும்பிய பொருளுக்குப் பகையும் வளர்ந்தது. பிரான்ஸ் 1686இல் சீட்டித்துணியைத் தடைசெய்து 1759 வரை அத்தடையை நீக்கவில்லை. லண்டனில் பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைப்பிழந்து 1719இல் வீதியில் இறங்கி, பருத்திச் சீட்டி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழிக்கும் அளவுக்குப் போனார்கள். 1721இல் இயற்றிய சட்டம் உடையாக மட்டுமின்றி வீட்டு அலங்காரமாகவும் அதைப் பிரயோகிப்பதை விலக்கியது. பசித்த நெசவாளர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தடை எளிதில் தளரவில்லை. 1775இல்கூட, புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்குக் கல்கத்தாவிலிருந்து பரிசாக வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில் திரைகளைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்ய, அவற்றை மீட்கக் காரிக் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. அத்திரைகளை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்தில் இன்றும் காணலாம்.

தடையின் மறைவில் வித்தை கைமாறியது. நம் தென்னாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் கூர்தூ, சாயக்காரர்களிடமே விசாரித்தறிந்த முறைகளை 1742இல் விரிவாக எழுதியனுப்பினார். அந்தக் கடிதம் பாரிஸில் அச்சேறியது. 1760இல் ஓபர்காம்ப் என்பவர் பாரிஸுக்கு அருகே ழூயி என்னுமிடத்தில் துணியில் அச்சிடும் சாலை தொடங்கினார். 1783இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் பெல் செப்பு உருளையால் துணியில் அச்சிடும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். வாரக்கணக்கில் மெழுகும் வெயிலும் கோலும் செய்த வேலையை உருளை நிமிஷக்கணக்கில் செய்தது. 1869இல் செயற்கைச் சிவப்பும், 1897இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தபின் சாயவேருக்கும் அவுரிக்கும் வேலை குறைந்தது. மான்செஸ்டர் ஆலைகளின் சீட்டி நம் கடைவீதிகளுக்கே கப்பலேறி வந்து குவிந்தது. எழுதிய கரை வாங்கும் கரையாயிற்று.

விலை வீழ்ந்ததனால் விளைந்த நன்மையையும் மறைக்கலாகாது. குழந்தைக்கென்று தனி அறை ஒதுக்கிய விக்டோரியா காலத்து வீடுகளில், அந்த அறைச் சுவருக்கென்றே சித்திரங்கள் பிறந்தன. ஆங்கிலச் சித்திரக்காரர் வால்டர் கிரேன் 1875இல் குழந்தைப் பாடல் ஒன்றைக்கொண்டு சுவர்க் காகிதம் வரைந்தார். இன்று ஒரு தாய் மீதத் துணித்துண்டுகள் நான்கைந்தை விளிம்பு மடித்துத் தைத்து, மரச்சட்டத்தில் கட்டி, குழந்தை விளையாடும் அறைச் சுவரை ஒரு மாலைப்பொழுதில் வர்ணமயமாக்கிவிட முடிகிறது. எட்டாம் ஹென்றியின் திரைகளில் இல்லாத ஒரு சௌகரியமும் அதற்கு உண்டு: குழந்தை அதில் கையைத் துடைத்தால் தோய்த்து மறுபடி மாட்டலாம்.

கையால் எழுதும் வித்தை அறவே மறைந்துவிடவில்லை. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் சில குடும்பங்கள் கோயில் விதானங்களையும், தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் தொம்பைகளையும் இன்றும் துணியில் எழுதிவருகின்றன. 2021இல் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்தத் துணி விலையில் ஆலைச் சீட்டியோடு போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். கோயிலை மட்டும் நம்பியிராமல் வீட்டுச் சுவர்களிலிருந்தும் அவர்களுக்கு வேலை வரவேண்டும் என்பது என் விருப்பம். முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே லண்டன் படிப்பறைக்குக் கிடைத்தது தஞ்சைக் கிராமத்து விளையாட்டறைக்கும் கிடைப்பதில் நியாயம் இருக்கிறது.